ஈயக் குறடு

டெல்ஃபியில் அப்பல்லோ கோயிலுக்குள் பல் பிடுங்கும் குறடு ஒன்று காணிக்கையாக வைக்கப்பட்டிருந்ததாம். அது ஈயத்தால் ஆனது. இரும்புக்கும் வெண்கலத்துக்கும் பஞ்சமில்லாத ஊரில் எதற்கு ஈயத்தில் குறடு? கொஞ்சம் அழுத்தினாலே வளைந்துவிடுமே. அதுதான் விஷயம். அந்தக் குறட்டுக்கு வரும் அளவுக்கு ஏற்கெனவே ஆடிப்போன பல்லை மட்டும் பிடுங்கு, மற்றதில் கை வைக்காதே என்பது அதன் பொருள். கி.மு. 3ஆம் நூற்றாண்டு மருத்துவர் எரசிஸ்ட்ராட்டஸ் சொன்னதாக, பல நூற்றாண்டுகள் கழித்து கேலியஸ் ஆரேலியானஸ் இதை எழுதிவைத்திருக்கிறார். பல் பிடுங்கப் போய் உயிரை விட்டவர்களைப் பற்றிய பழைய குறிப்புகளையும் அதே இடத்தில் தருகிறார்.

ஈயக் குறடு நல்ல விதிதான். ஆனால் அது ஒரு பல்லுக்கு மட்டும் உதவாது. ஞானப்பல் ஆடுவதில்லை. பாதி எலும்புக்குள்ளும் பாதி ஈறுக்குள்ளும் புதைந்து, முன்னாலிருக்கும் பல்லின் இடுப்பில் தலையை முட்டிக்கொண்டு படுத்திருக்கும். சீழ் வைக்கும், வீங்கும், அடங்கும், மறுபடி வீங்கும். தானாக ஆடி விழட்டும் என்று காத்திருந்தால் முதலில் நாம்தான் விழுவோம்.

ஆகவே இந்தப் பல் விஷயத்தில் மனிதர்கள் இரண்டு கேள்விகளோடு மல்லுக்கட்டியிருக்கிறார்கள்: எப்போது எடுப்பது, எப்படி எடுப்பது. எனக்கு இந்த வரலாற்றில் ஆர்வம் வந்ததற்குக் காரணம் அறிவுத் தாகமெல்லாம் இல்லை. 34 வயதில், இடது கீழ்த்தாடைக் கடைசியில், இரண்டு வருஷத்தில் மூன்றாவது முறையாக வீக்கம். வாய் ஒன்றரை விரல் அகலம்தான் திறந்தது. இட்லியைச் சாம்பாரில் கரைத்துக் குடித்துக்கொண்டிருந்த அந்த வாரத்தில் வேறு என்னதான் படிப்பது?

பெயரிலிருந்து தொடங்குகிறேன். லத்தீனில் அறிவின் பல். நம்முடைய ஞானப்பல்லும் அதே குடும்பம். துருக்கியர்கள் எளிமையாக இருபது வயதுப் பல் என்கிறார்கள். கொரியர்களுக்கு அது காதல் பல். ஜப்பானியப் பெயர் ‘பெற்றோர் அறியாதது’ என்று பொருள்படும். பல் முளைக்கும்போது பெற்றோர் பக்கத்தில் இருக்க மாட்டார்கள். அரிஸ்டாட்டில் விலங்குகளைப் பற்றிய நூலில், கடைசிக் கடைவாய்ப்பற்கள் 20 வயதுவாக்கில் முளைக்கின்றன, சில பெண்களுக்கு 80 வயதில்கூட வலியோடு வெளிவந்ததுண்டு என்கிறார். எல்லாப் பெயரிலும் வயதுதான் இருக்கிறது. தாமதமாக வருவதுதான் அதன் அடையாளம். இடமெல்லாம் நிரம்பிய பிறகு பஸ்ஸில் ஏறுகிறவனைப் போல.

இடம் ஏன் போதவில்லை? மென்மையான சமைத்த உணவால் தாடை சுருங்கிவிட்டது என்பது நாம் அடிக்கடி கேட்கும் விளக்கம். அதில் உண்மை உண்டு. வளரும் வயதில் மென்று மென்றுதான் தாடை நீள்கிறது. ஆனால் இதை முழுக்க நாகரிகத்தின் தலையில் கட்டவும் முடியாது. பிரான்சில் காப் பிளாங் என்ற பாறை ஒதுங்கிடத்தில் 1911இல் ஓர் எலும்புக்கூடு கிடைத்தது. 13,000 ஆண்டுகளுக்கும் மேல் பழமையான பனியுகப் பெண். பின்னர் சிகாகோவின் ஃபீல்டு அருங்காட்சியகத்துக்குப் போனாள். ஞானப்பற்கள் வெளிவராததால் அவளை வெகுகாலம் பதின்வயதுச் சிறுமி என்றே நினைத்தார்கள். பிறகு எக்ஸ்ரேக்களை மறுபடி ஆராய்ந்தபோதுதான் புரிந்தது. அவள் முழுதாக வளர்ந்த பெண். பற்கள் முளைக்காமல் இல்லை, உள்ளேயே சிக்கிக் கிடந்தன. காட்டு மாமிசத்தை மென்று வளர்ந்தவளுக்கும் அதே தொல்லை. நோய் ஒருவரின் வயதையே மாற்றிக் காட்டியதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

என் வீக்கத்தைப் பார்த்ததும் அம்மா முதலில் கிராம்புத் தைலத்தை எடுத்தாள். அடுத்ததாக, “பல்லைப் புடுங்கினா கண்ணு போயிடும்டா” என்றாள். இந்த வாக்கியத்தைக் கேட்காமல் வளர்ந்த தமிழ்ப் பிள்ளை அபூர்வம். வெறும் மூடநம்பிக்கை என்றுதான் நானும் நினைத்திருந்தேன். சுஸ்ருத சம்ஹிதையில் அது அப்படியே இருக்கிறது! மேல்தாடைப் பல் ஆடினாலும் மருத்துவன் அதைப் பிடுங்கக் கூடாது. பிடுங்கினால் ரத்தம் மிகுதியாகப் போய் ஒரு கண் குருடாகலாம், முகம் கோணலாம் என்கிறது நூல். அம்மா சுஸ்ருதரைப் படித்ததில்லை. எத்தனை வாய்கள் மாறி அவளிடம் வந்து சேர்ந்திருக்குமோ.

கண்பார்வை நரம்புக்கும் பல்லுக்கும் சம்பந்தம் கிடையாது. முகத்தின் தொடு உணர்வைக் கொண்டுபோகும் நரம்பு மூன்று கிளையாகப் பிரிந்து கண் பகுதிக்கும், மேல்தாடைக்கும், கீழ்த்தாடைக்கும் போகிறது. பல்வலியில் கண்ணும் சேர்ந்து வலிப்பது அதனால்தான். ஆனால் மேல்பல்லின் சீழ், சிரைகள் வழியாகக் கண்ணுக்குப் பின்னால் வரை ஏறக்கூடும். அந்தக் காலத்தில் பல்லை எடுத்த பிறகு யாருக்காவது கண் போயிருந்தால், பழி சீழின் மேல் விழாமல் பிடுங்கியவன் மேல் விழுந்திருக்கும். கவனிப்பு சரி, காரணம் தவறு. எங்கள் துறையில் இதை ஒவ்வொரு வாரமும் பார்க்கிறேன். சர்வர் விழுவதற்கு ஐந்து நிமிஷம் முன்னால் எவன் கோடு போட்டானோ அவன்தான் குற்றவாளி.

அதே சுஸ்ருத சம்ஹிதையில் என் வியாதியும் இருந்தது. தாடையின் கடைசிப் பல்லருகே பெரிய வீக்கம், கடும் வலி, எச்சில் ஒழுகல்: பெயர் ‘அதிமாம்சகம்’, அதாவது மிகையான சதை. பாதி முளைத்த பல்லின் மேல் தொப்பி மாதிரி கிடக்கும் ஈறு மடலைத்தான் சொல்கிறது. அதற்கடியில் சோற்றுப் பருக்கையும் கிருமியும் தங்குவதுதான் எல்லாத் தொல்லைக்கும் தொடக்கம். சிகிச்சை: அந்தச் சதையை வெட்டி எடு, வசம்பு முதலிய மருந்துப்பொடிகளைத் தேனில் குழைத்து வை. பல்லைத் தொடாதே. இன்றைக்கும் அந்த மடலை மட்டும் வெட்டும் சிகிச்சை உண்டு. பல்லுக்கு இடமில்லாத தாடையில் மடல் மறுபடி வளர்ந்துவிடும் என்பதுதான் அதன் குறை.

கர்தபாவில் சுமார் 1000ஆம் ஆண்டில் மாபெரும் மருத்துவக் கலைக்களஞ்சியம் எழுதிய அல் ஸஹ்ராவி இன்னொரு எச்சரிக்கை தருகிறார். வலி ஏமாற்றும். நோயாளி நல்ல பல்லைக் காட்டி இதுதான் என்பார், நாவிதர் பிடுங்குவார், வலி போகாது, நோயுற்ற பல்லை எடுத்த பிறகே போகும். இப்படி நடப்பதைப் பார்த்திருக்கிறேன் என்கிறார். முடிந்தவரை பிடுங்குவதைத் தள்ளிப்போடு, வேறு வழியே இல்லையென்றால் எந்தப் பல் என்று உறுதி செய்துகொண்டு எடு. ஆயிரம் ஆண்டுகளுக்குப் பிறகும் இதில் திருத்த எதுவுமில்லை.

கருவிகளின் கதையை வேகமாகக் கடக்கலாம். நடுக்கால ஐரோப்பாவில் பெலிகன் பறவையின் அலகு போன்ற கொக்கி. 18ஆம் நூற்றாண்டில் கதவுச் சாவியைப் போன்ற ‘பல் சாவி’. பல்லைக் கவ்வி, பூட்டைத் திறப்பது போலத் திருக வேண்டும். பல் வரும், சிலசமயம் தாடை எலும்பும் கூடவே வரும். 1841இல் லண்டனில் ஜான் டோம்ஸ் ஒவ்வொரு பல்லின் கழுத்து வடிவத்துக்கும் பொருந்தும் குறடுகளைப் பற்றி எழுதினார். இன்று பல் மருத்துவரின் தட்டில் இருப்பவை அவற்றின் பேரப்பிள்ளைகள். ஆனாலும் பிடிக்கத் தலையே வெளியே தெரியாத பல்லுக்குக் குறடு என்ன செய்யும்? எலும்பைச் செதுக்க வேண்டும். விழித்திருக்கும் மனிதனின் தாடை எலும்பைச் செதுக்குவது எப்படி?

இங்கேதான் ஹோரஸ் வெல்ஸ் வருகிறார். மயக்க மருந்தின் வரலாற்றை ஒரு ஞானப்பல் தொடங்கிவைத்தது என்பதைப் படித்தபோது, வீங்கிய கன்னத்தோடு எனக்குச் சின்னப் பெருமை.

1844 டிசம்பர் 10, அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்டு நகரம். கார்ட்னர் கோல்டன் என்பவர் சிரிப்பு வாயுவைக் காட்டிக் காசு பார்க்கும் கேளிக்கை நிகழ்ச்சி நடத்துகிறார். பார்வையாளர்கள் மேடையேறி வாயுவை முகர்ந்து கூத்தடிக்க வேண்டும். சாமுவேல் கூலி என்ற மருந்துக்கடைப் பணியாளர் அப்படி ஆடியபோது காலில் நன்றாக அடிபட்டு ரத்தம் வருகிறது, அவருக்குத் தெரியவேயில்லை. கூட்டம் சிரித்தது. கூட்டத்திலிருந்த 29 வயதுப் பல் மருத்துவர் வெல்ஸ் சிரிக்கவில்லை. கூலியிடம் வலித்ததா என்று கேட்டார்.

தொந்தரவு தந்துகொண்டிருந்த ஞானப்பல் ஒன்று வெல்ஸுக்கு இருந்தது. மறுநாளே கோல்டன் வாயுப் பையோடு வெல்ஸின் அறைக்கு வந்தார். நாற்காலியில் உட்கார்ந்தவர் வெல்ஸ். பிடுங்கியவர் அவருடைய சக மருத்துவர் ஜான் ரிக்ஸ். வாயு எவ்வளவு கொடுத்தால் ஆள் பிழைப்பான் என்று யாருக்கும் தெரியாது. மற்றவர்கள் திறந்த கதவருகே, ஏதாவது விபரீதமானால் ஓடத் தயாராக நின்றதாக ரிக்ஸ் பின்னாளில் சொன்னார். பல் வந்தது. வெல்ஸ் கண் விழித்தார், வலிக்கவில்லை.

எப்போது எடுப்பது என்ற கேள்விக்கு வரலாற்றிலேயே வேகமான பதில் இதுதான்: நேற்று இரவு யோசனை, இன்று காலை நாற்காலி. அவர் வேறொருவரின் பல்லில் முதலில் சோதித்திருக்கலாம். ஏழை நோயாளிகள் எந்த ஊரிலும் உண்டு. அந்தக் காலத்தில் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். தன் வாயைத் திறந்தார் பாருங்கள், அதனால்தான் இந்த மனிதரைப் பிடித்திருக்கிறது.

அதன் பிறகு அவருக்கு நல்லது எதுவும் நடக்கவில்லை. 1845 ஜனவரியில் பாஸ்டனில் மருத்துவ மாணவர்கள் முன் செய்துகாட்டினார். வாயுப் பையைச் சீக்கிரம் எடுத்துவிட்டார்கள் போல, நோயாளி முனகினார், கூடம் ஏமாற்று வேலை என்று கத்தியது. 1846 அக்டோபரில் அதே பாஸ்டனில், வெல்ஸின் முன்னாள் கூட்டாளி வில்லியம் மார்ட்டன் ஈதரைக் கொடுத்து வென்றார். வெல்ஸ் குளோரோஃபார்மைத் தன் மேலேயே சோதித்து அடிமையானார். 1848 ஜனவரியில் நியூயார்க்கில் தெருவில் பெண்கள் மேல் அமிலம் வீசிக் கைதாகி, சிறையில் குளோரோஃபார்மை முகர்ந்துவிட்டுத் தொடையின் ரத்தக்குழாயை அறுத்துக்கொண்டு இறந்தார். வயது 33. முன்னோடி அவரே என்று பாரிஸ் மருத்துவர் சங்கம் அங்கீகரித்த செய்தி அவர் இறந்த பிறகு வந்து சேர்ந்தது. கேளிக்கைக்காரர் கோல்டன் 1860களில் அதே வாயுவை வைத்துப் பல் பிடுங்கும் தொழில் நடத்திச் செழித்தார்.

வலியைக் குறைப்பதில் அடுத்த படி ஊசி. 1884இல் நியூயார்க்கில் வில்லியம் ஹால்ஸ்டெட் கோகெயினைக் கீழ்த்தாடை நரம்பருகே செலுத்தினால் அந்தப் பக்கமே மரத்துப்போவதைக் கண்டார், அவரும் அடிமையானார். 1943இல் ஸ்டாக்ஹோமில் நில்ஸ் லோஃப்கிரென் உருவாக்கிய லிடோகெய்ன்தான் இன்றைக்கும் நம் ஈறில் ஏறுகிறது. ஆனால் ஒரு சிக்கல். சீழ் பிடித்த இடம் அமிலத்தன்மை கொண்டது. அந்தச் சூழலில் மருந்தின் பெரும்பகுதி நரம்பின் உறைக்குள் நுழைய முடியாத வடிவத்துக்கு மாறிவிடுகிறது. எங்கே அதிகம் வலிக்கிறதோ அங்கே ஊசி குறைவாக வேலை செய்யும்.

வலி தீர்ந்தாலும் உயிர்ப்பயம் தீரவில்லை. 1836இல் ஸ்டுட்கார்ட்டின் மருத்துவர் லுட்விக் ஒரு நோயை விவரித்தார். தாடைக்கடியில் மரக்கட்டை போன்ற வீக்கம், நாக்கு மேலே தள்ளப்படுகிறது, மூச்சு அடைகிறது. அதற்கு இன்றும் அவர் பெயர்தான். பெரும்பாலும் தொடக்கம் கீழ்க் கடைவாய்ப்பற்கள். வாயின் தளத்தைத் தாங்கும் தசை தாடையில் ஒட்டும் கோட்டுக்குக் கீழே கடைசி இரண்டு கடைவாய்ப்பற்களின் வேர்நுனிகள் இருக்கின்றன. அங்கே சீழ் உடைந்தால் வாய்க்குள் வராமல் கழுத்துக்குள் இறங்கும். அரை அங்குல உடற்கூறியல், அவ்வளவுதான்.

நுண்ணுயிர்க்கொல்லி இல்லாத காலத்தில் மருத்துவர் முன் இரண்டு கதவுகள். வீக்கத்தின் நடுவே பல்லை எடுத்தால் தொற்றைக் கிளறி ஆழத்துக்கு அனுப்பிவிடுவோமோ என்ற பயம். அடங்கட்டும் என்று விட்டால் அடங்காமலே போய்விடுமோ என்ற பயம். இரண்டுக்கும் பிணங்கள் சாட்சி.

பிறகு ஊசல் மறுகோடிக்குப் போனது. 1910இல் மான்ட்ரியலில் ஆற்றிய உரையில் லண்டன் மருத்துவர் வில்லியம் ஹன்டர், வாயில் ஒளிந்திருக்கும் சீழே உடலின் பல நோய்களுக்கு மூலம் என்றார். வாதமா, பல்லை எடு. வயிற்றுக் கோளாறா, பல்லை எடு. நியூஜெர்சியின் டிரென்டன் மனநல மருத்துவமனையில் ஹென்றி காட்டன் பைத்தியமும் பல்லால் வருகிறது என்று நோயாளிகளின் பற்களை வரிசையாகப் பிடுங்கினார். தன் பிள்ளைகளின் பற்களையும் விடவில்லை. வெல்ஸும் காட்டனும் ஒரே மாதிரி உறுதியோடுதான் இயங்கினார்கள் என்பது என்னைத் தொந்தரவு செய்கிறது. ஒருவர் கையில் நோயாளி எழுந்து பதில் சொல்லும் சோதனை இருந்தது. மற்றவர் கையில் கோட்பாடு மட்டும்.

1940களில் பெனிசிலின் வந்ததும் காத்திருப்பதற்கு அர்த்தம் கிடைத்தது. வீக்கத்தை அடக்கி, வாய் திறந்த பிறகு, ஆற அமர எடுக்கலாம். சாதாரணப் பல்லில் நோய்மூலத்தைச் சீக்கிரம் அகற்றுவதே நல்லது என்று பிற்காலத்தில் கருத்து மாறியது. எலும்பை வெட்ட வேண்டிய ஞானப்பல்லில், அதுவும் வாயே திறக்காதபோது, முதலில் அடக்குவதே வழக்கம்.

எப்படி என்ற கேள்வியை எக்ஸ்ரே மாற்றியது. ரான்ட்கென் கண்டுபிடிப்பு வெளியான சில வாரங்களில், 1896 ஜனவரியில், ஜெர்மானியப் பல் மருத்துவர் வால்க்ஹாஃப் தன் பற்களைப் படமெடுத்தார். 25 நிமிஷம் அசையாமல் இருந்தாராம். செயின்ட் லூயிஸின் ஜார்ஜ் விண்டர் 1926இல் கீழ் ஞானப்பல்லுக்கென்றே ஒரு பெரிய புத்தகம் போட்டார். நேராக நிற்கிறதா, முன்னால் சாய்ந்திருக்கிறதா, படுத்திருக்கிறதா, பின்னால் சாய்ந்திருக்கிறதா. ஒவ்வொரு கோணத்துக்கும் ஒவ்வொரு வழி. படத்தின் மேல் வெள்ளை, மஞ்சள், சிவப்பு என்று மூன்று கோடுகள் போட்டு, எவ்வளவு ஆழத்துக்கு எலும்பை எடுக்க வேண்டும் என்று கணிக்கும் முறை இன்றும் விண்டர் பெயரில் இருக்கிறது. கையின் பலத்தை வடிவியலாக மாற்றியவர். என்னுடையது முன்சாய்வு. ஓபிஜி படத்தில் நானே கோடு போட்டுப் பார்த்தேன், சும்மா இருக்க முடியுமா.

எடுப்பது எளிதானதும் புதிய கேள்வி: வலிக்காத பல்லையும் முன்கூட்டியே எடுத்துவிட்டால் என்ன? அமெரிக்காவில் கல்லூரிக்குப் போகும் முன் நாலையும் எடுப்பது கிட்டத்தட்டச் சடங்கானது. 2007இல் ஜே ஃபிரைட்மன் என்ற பல் மருத்துவர் இதைப் பொதுச் சுகாதாரக் கேடு என்றே எழுதினார். பிரிட்டனில் 2000 மார்ச்சில், மருத்துவ வழிகாட்டுதலுக்கான அரசு அமைப்பான நைஸ், தன் முதல் தொழில்நுட்ப மதிப்பீடாக எடுத்துக்கொண்டது ஞானப்பல்லைத்தான். நோயில்லாத பல்லை எடுக்காதே. ஒருமுறை வீங்கினால், கடுமையாக இல்லாதவரை, அதுவும் போதிய காரணமில்லை. இரண்டாம் முறை வந்தால் யோசி.

விளைவு இரு பக்கமும் வெட்டியது. தேவையற்ற அறுவைகள் குறைந்தன. ஆனால் பிற்காலத்தில் வந்த நோயாளிகளின் வயது கூடியது; சாய்ந்த ஞானப்பல் முட்டிய இடத்தில் முன்பல்லும் சொத்தையாகி வந்தார்கள். 20 வயதில் வேர் முழுதாக வளர்ந்திருக்காது, எலும்பும் நெகிழ்வாக இருக்கும். முப்பதுகளில் எலும்பு இறுகியிருக்கும், ஆறுவதும் மெதுவாகும். ஆகவே காத்திருப்பது செலவில்லாத முடிவு அல்ல. கட்டணத்தைப் பிறகு கேட்பார்கள். ஆனாலும் கூட்டத்துக்கு நைஸ் சொன்னதே சரி என்று நினைக்கிறேன். யாருக்குத் தொந்தரவு வரும் என்று தெரியாதபோது எல்லோர் தாடையையும் வெட்ட முடியாது. எனக்கு மூன்று முறை வந்துவிட்டதால் அந்த விவாதம் முடிந்தது.

மாத்திரையில் வீக்கம் வடிந்ததும் அறுவை மருத்துவர் சிபிசிடி ஸ்கேன் எடுத்துப் பார்த்தார். வேர்நுனி, கீழ்த்தாடை நரம்பு ஓடும் குழாயை ஒட்டிக் கிடந்தது. “எடுத்துடலாம். ஆனா இந்த நரம்புக்கு ஏதாவது ஆச்சுன்னா கீழ் உதடும் தாடையும் மரத்துப்போகலாம். பெரும்பாலும் சில மாசத்துல சரியாயிடும். சிலருக்கு ஆகாது.” வேறு வழி இருக்கிறதா என்று கேட்டேன். “தலையை மட்டும் வெட்டிட்டு வேரை விட்டுடலாம்.”

1984இல் எக்குயே, தெபியான் என்ற இரண்டு பிரெஞ்சு மருத்துவர்கள் முன்வைத்த முறை அது. நரம்பைத் தொடும் வேரைத் தொடாமல், ஈறுக்குத் தொல்லை தரும் தலையை மட்டும் அறுத்து எடுத்துத் தையல் போட்டுவிடுவார்கள். வேர் எலும்புக்குள் தூங்கும். பல்லுக்குள்ளேயே தொற்று இருந்தால் இது கூடாது. என் தொற்று ஈறு மடலோடு நின்றிருந்தது. ஆடாததை அசைக்காதே என்ற டெல்ஃபி யோசனையின் பாதியை மட்டும் கேட்பது போல ஒரு சமரசம். சிலருக்கு வேர் மெல்ல மேலே நகர்ந்து, பிறகு ஒருநாள் எடுக்க வேண்டிவரும். அப்போது நரம்பிலிருந்து விலகியிருக்கும் என்பதால் ஆபத்து குறைவு. அதாவது இன்றைய ஆபத்தைக் குறைக்க நாளைய அறுவை ஒன்றுக்குக் கையெழுத்துப் போட வேண்டும். எங்கள் ஆபீஸில் இதற்குப் பெயர் டெக்னிக்கல் டெட். பொதுவாக நான் எதிர்ப்பேன். உதட்டுக்காக ஒத்துக்கொண்டேன்.

மூன்று வாரம் கழித்து ஒரு சனிக்கிழமை காலைக்குத் தேதி வாங்கிவிட்டு அம்மாவுக்கு போன் போட்டேன்.

“மேல் பல்லா, கீழ் பல்லா?”

“கீழ்மா.”

“அப்ப சரி. கண்ணுக்கு ஒண்ணும் ஆகாது.”